ஆறாவது ஆண்டுச் செலவை யார் தருவார்?

நம் பகுதிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு மையம் திறக்கப்படும் செய்தி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரு பேராசிரியருக்கு இத்தனை இலட்சம், ஒரு துறைக்கு இத்தனை கோடி என்று தொகையும் சொல்லப்படுகிறது. ரிப்பன் வெட்டும் படம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்ததும் நாமும் மாஷா அல்லாஹ் என்று பதில் போடுகிறோம். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால், அதே மையம் ஐந்து ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறது என்று யாரும் படம் போடுவதில்லை.

நிதி முடிந்த மையம் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. வாசலில் பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே உள்ள கருவிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் நின்றிருக்கும். அதை இயக்கத் தெரிந்த தொழில்நுட்ப உதவியாளர் சம்பளம் இல்லாமல் வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்த மையத்தை நம்பி பி.எச்டி. சேர்ந்த பிள்ளை பாதி வழியில் நிற்கும்.

இது கல்லூரி நிர்வாகிகள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. பிள்ளைகளை ஆராய்ச்சிப் படிப்புக்கு அனுப்பும் குடும்பங்களும், கல்லூரிகளுக்கு நன்கொடை கொடுக்கும் செல்வந்தர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆய்வு மையங்களுக்குத் தரப்படும் தொடக்க நிதி எப்படி வேலை செய்கிறது, எது நிலைக்கிறது, எது உலர்ந்து போகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

விதை நிதி என்றால் என்ன?

பேராசிரியர் ஒருவர் புதிய ஆராய்ச்சியைத் தொடங்குவதற்கு முதலில் கிடைக்கும் பணத்தை விதை நிதி என்கிறார்கள். பெயரே அதன் தன்மையைச் சொல்லிவிடுகிறது. விதைநெல் என்பது உண்பதற்கு இல்லை, முளைக்க வைப்பதற்கு. அது கொஞ்சமாகத்தான் இருக்கும், ஒரு முறைதான் கிடைக்கும்.

நம் நாட்டில் இதற்கு உதாரணம் உண்டு. புதிதாகப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியர்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தொடக்க ஆய்வு உதவி தரும் திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அறிவித்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அதைச் செலவிட வேண்டும்.

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஆய்வுத் திட்டம். அதற்கு ஒரு கேள்வி இருக்கும், பதில் தேடப்படும், அறிக்கை கொடுத்ததும் அது முடிந்துவிடும். முடிவதுதான் அதன் இயல்பு. மற்றொன்று ஆய்வு மையம். ஒரு கேள்வி முடிந்தால் அடுத்த கேள்விக்குப் போகும் நிலையான அமைப்பு அது. அதற்கு இடம், கருவி, ஆட்கள், நிர்வாகம் எல்லாம் ஆண்டுதோறும் வேண்டும். திட்டத்துக்குரிய பணத்தை வாங்கி மையத்துக்குரிய பலகையை மாட்டிவிடுவதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்காவில் நடந்த மூன்று சோதனைகள்

இந்தச் சிக்கலுக்கு விடை தேடிய ஒரு பழைய முயற்சி இன்றும் பாடமாக இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1970-களின் தொடக்கத்தில் மூன்று சோதனைகளுக்குப் பணம் கொடுத்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சியையும் தொழில் துறையையும் எப்படி இணைத்தால் அரசுப் பணம் நின்ற பிறகும் ஆராய்ச்சி தொடரும் என்பதே கேள்வி.

ஒன்று, வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மரச்சாமான் தொழிலுக்கான ஆய்வு அமைப்பு. இரண்டாவது, நியூ இங்கிலாந்து பகுதியின் எரிசக்தித் துறைக்காக மைட்டர் என்ற இலாப நோக்கமற்ற நிறுவனம் நடத்தியது. மூன்றாவது, எம்.ஐ.டி. என்று அழைக்கப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் தொடங்கிய பாலிமர் பதப்படுத்தும் திட்டம். பிளாஸ்டிக், ரப்பர் போன்றவற்றை உருக்கி வார்க்கும் முறைகளை ஆராய்வது அதன் வேலை.

மூன்றில் எம்.ஐ.டி.யில் தொடங்கியது மட்டுமே அரசு நிதி முடிந்த பிறகு சொந்தக் காலில் நின்றது. அங்கே பல நிறுவனங்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்து கட்டணம் கட்டின. எந்த ஆய்வைச் செய்வது என்பதில் அவற்றுக்கும் சொல் இருந்தது. பணம் கொடுத்தவருக்கு அந்த ஆய்வின் விடை உண்மையாகவே தேவைப்பட்டது. அதனால் அரசு கையை எடுத்தபோதும் அவர்கள் கையை எடுக்கவில்லை.

இந்த அனுபவத்தை வைத்தே தொழில்துறை – பல்கலைக்கழகக் கூட்டு ஆய்வு மையத் திட்டம் உருவானது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அது நடந்து வருகிறது.

விதியிலேயே எழுதப்பட்ட முடிவு

அந்தத் திட்டத்தில் மையம் தொடங்க விரும்பும் பேராசிரியருக்கு எடுத்தவுடன் பெரிய தொகை கிடைப்பதில்லை. முதலில் ஆயத்த நிதி மட்டும். 2020-இல் வெளியான விதிமுறையில் அது 20,000 டாலர். பல்கலைக்கழக ஆராய்ச்சியைப் பொறுத்தவரை இது மிகச் சிறிய தொகை. இதில் கருவி வாங்க முடியாது, கட்டடம் கட்ட முடியாது. ஓராண்டு காலம் பல நிறுவனங்களைச் சந்தித்து, அவர்களுக்கு எது தேவை என்று கேட்பதற்கே அந்தப் பணம். எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்குப் பயிற்சி முகாமும் உண்டு. அதன் பிறகு, வரக்கூடிய உறுப்பினர்களை ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து, ஆய்வுத் திட்டங்களை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஓராண்டில் போதுமான நிறுவனங்கள் பணம் கட்ட முன்வரவில்லை என்றால் மையம் தொடங்கப்படாது. பார்ப்பதற்கு இது கடுமையாகத் தோன்றும். உண்மையில் இது ஒரு பாதுகாப்பு. யாருக்கும் தேவைப்படாத மையம் என்பது 20,000 டாலர் செலவிலேயே தெரிந்துவிடுகிறது. பல கோடி போட்டு, பல மாணவர்களைச் சேர்த்த பிறகு தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

தேறி வந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு முதல் கட்டம். பிறகு இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஐந்தாண்டுகள். அரசு தரும் பணம் பெரும்பாலும் நிர்வாகச் செலவுக்கே போகிறது. ஆராய்ச்சிக்கான பணம் உறுப்பினர் கட்டணத்திலிருந்து வர வேண்டும். கட்டம் செல்லச் செல்ல அரசின் பங்கு குறையும், மையம் தானே நிற்க வேண்டிய பங்கு கூடும். கடைசியில் அது அரசு உதவியிலிருந்து விடுபட்டுவிடும். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதை ஒரே நாளில் செய்யாமல் படிப்படியாகச் செய்வது போன்றது இது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னும் மூன்று ஏற்பாடுகள் உண்டு.

முதலாவது, உறுப்பினர் குழு. கட்டணம் கட்டும் நிறுவனங்களின் பிரதிநிதிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். மாணவர்களும் பேராசிரியர்களும் தங்கள் ஆய்வை அவர்கள் முன் வைப்பார்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று அவர்கள் கருத்துச் சொல்வார்கள். வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் ஒருவரும் இருந்து கவனிப்பார்.

இரண்டாவது, பலன் பகிர்வு. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பங்குக் கட்டணமே கட்டுகிறது. எல்லாப் பங்கும் சேர்ந்து நடக்கும் ஆராய்ச்சியின் முடிவோ அனைவருக்கும் கிடைக்கிறது. கூட்டுக் குர்பானியில் ஏழு பேர் சேர்ந்தால் இறைச்சி ஏழாகப் பிரியும். அறிவு அப்படிப் பிரிவதில்லை. ஏழு பேருக்கும் முழுதாகவே கிடைக்கும். இது புரிந்தால், போட்டி நிறுவனங்கள் ஏன் ஒரே மையத்துக்குப் பணம் கட்டுகின்றன என்பதும் புரியும்.

மூன்றாவது, பல்கலைக்கழகம் பிடித்துக்கொள்ளும் தொகைக்கு வரம்பு. மின்சாரம், இடம், அலுவலகம் ஆகியவற்றுக்காக ஆய்வு நிதியில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவில் இது பெரிய தொகை. ஆனால், இந்த மையங்களின் உறுப்பினர் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆக, பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு வரியில் சொல்வதானால், அந்த மையத்தின் ஆறாவது ஆண்டு அதன் முதல் ஆண்டுக்கு முன்பே பேசப்பட்டுவிடுகிறது.

இதில் ஆபத்தும் உண்டு

பணம் கொடுப்பவர் ஆய்வின் திசையைத் தீர்மானித்தால், பணம் இல்லாதவரின் கேள்விகளை யார் ஆராய்வது? உப்பளத் தொழிலாளியின் கண் பார்வை, பீடி சுற்றும் பெண்ணின் நுரையீரல், கடலோர ஊரின் குடிநீர் போன்றவற்றுக்குக் கட்டணம் கட்ட நிறுவனம் எதுவும் வரிசையில் நிற்காது. வரலாறு, மொழி, அரபுத் தமிழ்ச் சுவடிகள் போன்ற கலைத் துறை ஆய்வுகளின் நிலையும் இதுதான். கலைப் பாடம் படித்தவர்கள் என்ற முறையில் இந்தக் குறையை நாம் சொல்லாமல் விட முடியாது.

எனவே எல்லா மையத்துக்கும் நிறுவனக் கட்டணம்தான் வழி என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லா மையத்துக்கும் ஆண்டுதோறும் வரும் ஏதோ ஒரு வருமானம் வேண்டும். நிறுவனங்கள் தராத இடத்தில் அந்த வருமானம் எங்கிருந்து வரும்? இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது.

வானாய்வுக் கூடங்கள் சொல்லும் பாடம்

சனிக் கோள் வானத்தில் ஒரு முழுச் சுற்று வர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். எனவே கோள்களைச் சரியாகக் கணிக்க விரும்பிய அக்கால அறிஞர்களுக்கு 30 ஆண்டுகள் இடைவிடாமல் நடக்கும் ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. ஒரு மன்னரின் ஆட்சிக் காலம் பெரும்பாலும் அவ்வளவு நீளம் இருப்பதில்லை.

செல்ஜூக் சுல்தான் மலிக் ஷாஹ் இஸ்ஃபஹானில் 1074-இல் வானாய்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். உமர் கய்யாம் போன்ற அறிஞர்கள் அதில் வேலை செய்தார்கள். 1092-இல் சுல்தான் இறந்ததும் ஆதரவு நின்றது. சில ஆண்டுகளில் வேலையும் நின்றது. இஸ்தான்புல்லில் தகியுத்தீன் 1577-இல் நிறுவிய ஆய்வுக்கூடத்தின் கதை இன்னும் சுருக்கமானது. ஆதரித்த அதே சுல்தான் மூன்றாம் முராதின் உத்தரவால் 1580-இல் அது இடிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் அறிவுக்குக் குறைவில்லை, கருவிக்கும் குறைவில்லை. எல்லாம் ஒரே மனிதரின் கையை நம்பி இருந்தது.

இவற்றுக்கு நடுவே ஈரானின் மராகா நகரில் 1259-இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் வேறு வழியில் போனது. மங்கோலிய ஆட்சியாளர் ஹுலாகுவின் ஆதரவில் நஸீருத்தீன் தூஸி அதை அமைத்தார். முழுக் கணிப்புக்கு 30 ஆண்டுகள் தேவை என்று தூஸி கேட்டதாகவும், 12 ஆண்டுகளில் முடிக்கும்படி ஹுலாகு சொன்னதாகவும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. நிதி கொடுப்பவரின் அவசரம் இன்று நேற்று வந்ததில்லை!

வக்ஃபு சொத்துகளின் நிர்வாகப் பொறுப்பு தூஸியிடம் இருந்தது. அந்த வருமானத்தின் ஒரு பங்கு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. 1265-இல் ஹுலாகு இறந்தார். ஆய்வுக்கூடம் நின்றுவிடவில்லை. 1274-இல் தூஸியே இறந்தார். அப்போதும் நிற்கவில்லை. அவருடைய மகன்கள் பொறுப்பேற்று நடத்தினார்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது இயங்கியது.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கையிலிருந்து வரும் பணம் அந்தக் கையோடு போய்விடுகிறது, சொத்திலிருந்து வரும் வருமானமோ கைகள் மாறினாலும் வந்துகொண்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம். நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பெங்களூரில் 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்துக்கு ஜம்ஷெட்ஜி டாடா ஒதுக்கியது வெறும் ரொக்கம் அன்று. ஆண்டு வருமானம் தரக்கூடிய பம்பாய்ச் சொத்துகளை ஒதுக்கினார். மைசூர் சமஸ்தானம் நிலமும் ஆண்டுக்கு ஒரு தொகையும் கொடுத்தது. டாடா 1904-இலேயே இறந்துவிட்டார். தான் கண்ணால் பார்க்காத நிறுவனத்துக்கு அவர் வருமானத்தை ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார்.

இன்று நம் நாட்டில்

அரசும் இப்போது இந்தத் திசையில்தான் யோசிக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 3,660 கோடி ரூபாயில் ஒரு தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன்படி நாடு முழுவதும் 25 தொழில்நுட்ப மையங்கள் உயர்கல்வி நிறுவனங்களில் தொடங்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள பிரவர்த்தக் அவற்றில் ஒன்று. இந்த மையங்கள் இலாப நோக்கமற்ற தனி நிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. அரசு நிதி ஒரு காலம் வரை, அதற்குள் சொந்த வருமானத்துக்கு வழி காண வேண்டும் என்பதே ஏற்பாடு.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து, அதாவது தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வர வேண்டும் என்பதே கணக்கு. இனி ஆராய்ச்சி செய்ய விரும்பும் பேராசிரியர் அரசுக்கு விண்ணப்பம் எழுதினால் மட்டும் போதாது. வெளியே போய் நாலு பேரைப் பார்த்துப் பேசவும் தெரிய வேண்டும் என்பது இதன் பொருள்.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

நம் பிள்ளைகளில் பலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இன்று முனைவர் பட்டப் படிப்புக்குப் போகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி. குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டுகள். ஐந்தாண்டு நிதியில் ஓடும் மையத்தில் மூன்றாவது ஆண்டில் ஒரு பிள்ளை சேர்ந்தால் என்ன ஆகும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நிதி முடியும்போது ஆய்வு பாதியில் இருக்கும்.

எனவே சேரும் முன் சில கேள்விகளைக் கேட்பதில் தவறில்லை. உதவித்தொகை பிள்ளையின் சொந்தத் தகுதியில் கிடைப்பதா, பேராசிரியரின் திட்ட நிதியிலிருந்து வருவதா? தேர்வெழுதிப் பெற்ற ஜே.ஆர்.எஃப். என்றால் மையம் மூடினாலும் அது பிள்ளையோடு வரும். திட்ட நிதி என்றால் திட்டத்தோடு நிற்கும். அந்த நிதி எந்த ஆண்டு, எந்த மாதத்தோடு முடிகிறது? தவணை தாமதமானால் இடையில் கல்லூரி தருமா? கைடு ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது? முக்கியக் கருவி பழுதானால் வேறு எங்கே போய்ச் செய்து வரலாம்? நல்ல பேராசிரியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தானே எடுத்துச் சொல்வார்.

கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டியவை

நம் சமுதாயத்தில் கொடுக்கும் மனம் குறைவில்லை. வாப்பா பெயரில் ஒரு கூடம், உம்மா பெயரில் ஓர் ஆய்வகம் என்று கட்டிக் கொடுக்கிறார்கள். ஸதக்கத்துல் ஜாரியா என்ற நிய்யத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஜாரியா என்றால் ஓடிக்கொண்டிருப்பது. பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தில் ஓடுவது எது?

கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை வருமானம் தரும் சொத்தாக மாற்றலாம். வட்டி இல்லாத வழி வேண்டும் என்பதால் நமக்கு வாடகைக் கட்டடமே எளிது. ஒரு கணக்குக்குச் சொல்வோம். தொழில்நுட்ப உதவியாளர் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். மாதம் 10,000 ரூபாய் வாடகை வரும் இரண்டு கடைகள் அந்தச் சம்பளத்தைக் காலமெல்லாம் பார்த்துக்கொள்ளும். இன்னொரு கடை பராமரிப்புக்கு. வாடகையை ஊர் விலையோடு ஒட்டி உயர்த்திக்கொண்டு வர வேண்டும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வக்ஃபுக் கடைகளுக்குப் பழைய வாடகையே ஓடிக்கொண்டிருக்கும் கதை நமக்குத் தெரியாததில்லை.

கல்லூரித் தாளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது யு.ஜி.சி. விதி. அதன் மேல் தேர்வு வேலை, சேர்க்கை வேலை, விழா வேலை. இவ்வளவுக்கும் மேல் மையத்தையும் நடத்து என்றால், அவர் எந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்வார், எந்த நேரத்தில் வெளியே போய் ஆதரவு தேடுவார்? மையப் பொறுப்பாளரின் நிர்வாக வேலைகளையாவது குறைத்துத் தருவது பணம் கொடுப்பதற்கு நிகரான உதவி. அவருக்கு அடுத்து யார் என்பதையும் இப்போதே பழக்கி வைக்க வேண்டும். ஒருவரின் ஆர்வத்தில் மட்டும் ஓடும் மையம் அவர் இடம் மாறிப் போகும் நாளில் அனாதையாகிவிடும்.

முதல் நிதி ஓர் அமானிதம். அதை வாங்கிய அன்றே முடியும் நாளும் தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை ஆய்வு மையத் திறப்பு விழா அழைப்பிதழ் வந்தால் மகிழ்ச்சியோடு போவோம், து‌ஆச் செய்வோம். விருந்து முடிந்து பொறுப்பாளரின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லும்போது, ஆறாவது ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்டுவிட்டு வருவோம். பதில் இருந்தால் நம் பிள்ளையை நம்பி அனுப்பலாம். பதில் இல்லை என்றால், அதைத் தேடுவதில் நம்மால் ஆன பங்கைச் செய்யலாம்.